பல்சக்கரத்தை எடுத்துவிட்டால் கதை நிற்குமா?

கேள்வி: 1880களின் லண்டனில், ஒரு நீராவி ஆகாயக்கப்பலில் நடக்கும் கதை எழுதுகிறேன். படித்த நண்பர், "பித்தளைக் கண்ணாடியையும் பல்சக்கரங்களையும் எடுத்துவிட்டால் இது வழக்கமான துப்பறியும் கதைதான்" என்கிறார். இதை ஸ்டீம்பங்க் (விக்டோரியா ராணி காலத்து நீராவி இயந்திரங்களை வைத்துப் பின்னும் கற்பனைக் கதை வகை) ஆக்க என்ன செய்யலாம்? எதைப் படிக்கலாம், பார்க்கலாம்?

பதில்: நண்பர் வைத்தது நல்ல சோதனை. இயந்திரத்தை உருவியதும் கதை சரிய வேண்டும். சரியவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

உங்கள் கப்பலையே எடுத்துக்கொள்வோம். 1852இல் ஹென்றி ஜிஃபார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நிஜமாகவே நீராவியில் ஓடும் ஆகாயக்கப்பலில் பாரிஸிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் பறந்தார். கப்பலின் நீளம் 44 மீட்டர். எஞ்சினுக்கோ வெறும் 3 குதிரைத்திறன். எதிர்க்காற்றை வெல்ல முடியாததால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. தலைக்கு மேலே எளிதில் தீப்பற்றும் வாயு, காலடியில் நெருப்பு. அதனால் தீப்பொறி மேலே பறக்காதபடி புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்திருந்தார். அந்த ஒரு புகைபோக்கியில் எத்தனை பயம் இருக்கிறது பாருங்கள்! உங்கள் கப்பலில் கரியை யார் அள்ளுகிறார்கள்? தண்ணீர் எத்தனை மணி நேரத்துக்கு வரும்? அது தீருகிற நேரத்தில் துப்பறிவாளர் எங்கே நிற்கிறார்? இதற்கெல்லாம் பதில் எழுதத் தொடங்கினால் கதையின் முடிச்சு தானாக மாறும்.

இன்னொரு வழி, ஒரே ஒரு வரலாற்று உண்மையை மாற்றுவது. ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜின் 'டிஃபரன்ஸ் எஞ்சின்' என்ற கணக்குப்பொறிக்கு பிரிட்டிஷ் அரசு 17,000 பவுண்டுக்கு மேல் கொட்டியது. பொறியாளரோடு சண்டை, வேலை நின்றது, 1842இல் அரசு கைவிட்டது. பிறகு அவர் வரைந்த இரண்டாவது பொறியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் செய்து பார்த்தது. சரியாகவே கணக்குப் போட்டது! பாபேஜ் அன்றே ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990இல் எழுதிய 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்'. அதில் பொறி மூலையில் நிற்கும் காட்சிப்பொருள் இல்லை; யார் ஆள்வது, யாரை வேவு பார்ப்பது என்பது வரை மாறிவிடுகிறது. கொஞ்சம் கடினமான நாவல், முதல் நூறு பக்கம் பொறுமை வேண்டும்.

அப்புறம், கதை நடக்கும் தெருவும் அதில் வாழும் மனிதர்களும். 'ஸ்டீம்பங்க்' என்ற பெயரே பாதி விளையாட்டாகப் பிறந்தது. சைபர்பங்க் என்ற, கணினி ஆளும் எதிர்காலத்தைப் பற்றிய அறிவியல் புனைகதை வகை கொடிகட்டிப் பறந்த 1987இல், தானும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் எழுதும் விக்டோரியக் கற்பனைகளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் 'லோகஸ்' என்ற அறிவியல் புனைகதை இதழுக்குக் கடிதம் போட்டார். இந்த மூவரும் நாடிய நூல், விக்டோரியக் காலப் பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைகளைப் பேட்டி கண்டு எழுதிய 'லண்டன் லேபர் அண்ட் தி லண்டன் புவர்'. தோல் பதனிடுகிறவர்களுக்கு விற்க நாய்ப் பீ பொறுக்கியவர்கள், சாக்கடைக்குள் இறங்கிக் காசு தேடியவர்கள் எல்லாம் அதில் பேசுகிறார்கள். எந்த நாவலுக்கும் முன்னால் மேஹ்யூவைப் படியுங்கள் என்பேன். காப்புரிமை முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அடுத்து, பவர்ஸின் 'தி அனுபிஸ் கேட்ஸ்'. அதில் நீராவி அவ்வளவாக இல்லை, மந்திரம்தான் அதிகம். ஆனால் லண்டன் பிச்சைக்காரர்களின் உலகத்தை அதைவிட நன்றாக யாரும் எழுதிவிடவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் நாவலில் வரும் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலை இந்த வகையின் பாட்டன் என்பார்கள். நாவலில் அது மின்சாரக் கப்பல்! தறையாணி அடித்த இரும்பு முதலை போன்ற தோற்றம், 1954இல் வந்த டிஸ்னி படம் கொடுத்தது. ஆக, நீராவி கட்டாயம் என்று யாராவது சண்டைக்கு வந்தால் கவலைப்படாதீர்கள்.

படங்களில் ஒன்றே ஒன்று சொல்வதென்றால் கட்சுஹிரோ ஒட்டோமோவின் 'ஸ்டீம்பாய்' (2004). 1866இன் இங்கிலாந்து, அபார அழுத்தத்தில் நீராவியை அடக்கிய ஓர் உலோக உருண்டை, அதை ஆயுதமாக்கி விற்கத் துடிக்கும் கூட்டம். அந்த உருண்டையை எடுத்துவிட்டால் படமே இல்லை. வால்வு திறக்கும் ஒவ்வொரு காட்சியிலும் சூடு நம் முகத்தில் அடிக்கும். அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போன ஆங்கிலப் பதிப்பை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் முழு ஜப்பானியப் பதிப்பைத் தேடிப் பாருங்கள்.