ரேஸ் காரா, வேஷம் போட்ட காரா?

கேள்வி: சார், பழைய பென்ட்லி ஒண்ணு விலைக்கு வந்திருக்குனு போட்டோ பார்த்தேன். மேல மூடின கூப்பே பாடி, உள்ள லெதர் சீட்டு, பார்த்தா கல்யாண கார் மாதிரிதான் இருக்கு, ஆனா 'முன்னாள் ரேஸ் கார்'னு போட்டிருக்காங்க. நிஜமானு எப்படி கண்டுபிடிக்கிறது? (வாசகர், ஈரோடு)

பதில்: பாடிய வெச்சு முடிவு பண்ணாதீங்க. அந்தக் காலத்துல பென்ட்லி கம்பெனி சேஸிஸும் (அதாவது அடி ஃபிரேம்) இன்ஜினும்தான் குடுக்கும், பாடிய வெளிய ஒரு கோச்பில்டர் கட்டுவார், அதனால ரேஸ் முடிஞ்ச கார்ல பாடிய மட்டும் மாத்தி ரோட்டுல ஓட்டுறது சகஜம்.

கார் அடியில படுத்து ஃபிரேம பாருங்க. சேஸிஸ் நம்பர் குத்தின இடத்துல விரல் வெச்சு தடவுங்க, கிரைண்டர் போட்டு தேய்ச்ச பள்ளம் தட்டுப்பட்டா சந்தேகப்படணும். அப்புறம் தேவையில்லாத போல்ட் ஓட்டைங்க. ரேஸுக்கு பெரிய பெட்ரோல் டேங்க் மாட்டியிருப்பாங்க, அத கழட்டினப்புறம் பிராக்கெட் இருந்த ஓட்டை அப்படியே நிக்கும், இல்லனா வெல்டிங் வெச்சு அடைச்ச தழும்பாவது இருக்கும். எனக்கு நம்பர விட இந்த தழும்பு மேலதான் நம்பிக்கை ஜாஸ்தி.

இதுல பெரிய வழக்கே நடந்திருக்கு. 'ஓல்டு நம்பர் ஒன்'னு ஒரு பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், 1929லயும் 1930லயும் பிரான்ஸ்ல நடக்கிற லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ ஜெயிச்ச கார், ரெண்டு தடவையும் ஸ்டியரிங் பிடிச்சவங்கள்ல அப்போ பென்ட்லி கம்பெனி சேர்மனா இருந்த உல்ஃப் பார்னாட்டோவும் ஒருத்தர். 1932ல 8 லிட்டர் இன்ஜினோட இங்கிலாந்துல இருந்த புரூக்லேண்ட்ஸ் ரேஸ் டிராக்ல ஓடும்போது, சரிவா உயர்ந்து நிக்கிற வளைவு (பேங்கிங்) மேல ஏறி வெளிய பறந்து டிரைவர் கிளைவ் டன்ஃபீ இறந்துட்டார், பாவம். அதுக்கப்புறம் பார்னாட்டோ அத கூப்பேவா கட்ட வெச்சு ரோட்டுல ஓட்டினார். 1990ல 1 கோடி பவுண்டுக்கு விலை பேசினாங்க, வாங்கினவங்க இது அந்த காரே இல்லனு சொல்லி லண்டன் ஹைகோர்ட் வரைக்கும் போயிடுச்சு. 1929ல இருந்த இரும்பு அதுல கொஞ்சம்தான் மிச்சம். ஆனா ஜட்ஜ் ஓட்டன், ஒரிஜினல் பார்ட்ஸ் இல்லாட்டியும் இந்த கார் எப்பவும் காணாம போகல, ஒவ்வொண்ணா மாறி மாறி வந்த அதே கார்தான்னு சொல்லிட்டார். என்னைக் கேட்டா அது சரியான தீர்ப்பு, ஒரு ரேஸ் காருக்கு இன்ஜின் மாத்துறதும் ஆக்ஸில் மாத்துறதும் வாழ்க்கையோட ஒரு பகுதிதானே.

அதனால நீங்க விக்கிறவர்கிட்ட கேக்க வேண்டியது இதுதான்: ரேஸ்ல இருந்து எந்த வருஷம் வெளிய வந்துச்சு, கூப்பே பாடி யார் கட்டினது, அப்போ ஓனர் யாரு, நடுவுல வருஷம் விடாம பேப்பர் இருக்கா. நடுவுல பத்து இருபது வருஷம் கார் எங்க இருந்துச்சுனே சொல்லத் தெரியலன்னா, அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.