பதில்: பினைட்டாயின் சாப்பிடும் தம்பிக்குத் தள்ளாட்டம்

பக்கத்து வீட்டுக்காரரும் இதே 300 மி.கி. பினைட்டாயின் என்ற வலிப்பு மருந்தைத்தான் சாப்பிடுகிறார், அவர் நன்றாக இருக்கிறார், தம்பிக்கு மட்டும் ஏன் தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் என்று கேட்டிருந்தீர்கள்.

பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிற்காமல் தொடரும் வலிப்பு வந்துவிடலாம். இன்றே நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, ரத்தத்தில் பினைட்டாயின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரைதான் வழக்கம். அதைத் தாண்டினால் நீங்கள் எழுதிய அறிகுறிகள்தான் வரும்.

இந்த மருந்தைக் கல்லீரலில் சிதைக்கும் முக்கிய நொதி சிஒய்பி2சி9. அதன் மரபணுவில் *3 என்ற மாறுபாடு இருந்தால் நொதி மந்தமாகிவிடும், மருந்து உடம்பில் தேங்கும். தமிழர்களிடம் இது அபூர்வமே இல்லை. அதோடு, நொதி தன் எல்லையைத் தொட்டுவிட்டால் டோஸைக் கொஞ்சம் கூட்டினாலே ரத்த அளவு எகிறிவிடும். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவா, புதிதாக வேறு மாத்திரை சேர்ந்ததா என்பதையும் அவசியம் கேளுங்கள்.

பலருக்கு டோஸைக் குறைத்தாலே சரியாகிவிடும். மருந்தையே மாற்றுவதானால், லெவெடிரசெட்டத்துக்கு இந்த நொதி தேவையில்லை. கார்பமசெபின் என்றால் கடுமையான தோல் ஒவ்வாமை வரும் அபாயத்தைக் காட்டும் எச்எல்ஏ-பி*1502 மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், தம்பியைத் தனியாக மாடிப்படி ஏற விடாதீர்கள்.