பாட்டி கன்னத்தில் இருந்தது பூஞ்சை இல்லை

கேளுங்கள், சொல்கிறேன்: பழைய ஸ்டூடியோக்காரர் பதில்கள்

கேள்வி: தாத்தாவும் பாட்டியும் இரங்கூனில் எடுத்துக்கொண்ட ஒரே கறுப்பு வெள்ளை போட்டோ, பூஞ்சை பிடித்துக் கிடந்தது. ஸ்கேன் செய்து, படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் மூன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாப் புள்ளியையும் எடுத்தேன். அம்மாவிடம் காட்டினால், "யாருடி இது?" என்கிறார். என்ன தப்பு செய்தேன்? (வாசகி, தட்டோன்)

நீங்கள் அனுப்பிய இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேலை படு சுத்தம். வினையே அந்தச் சுத்தம்தான். பாட்டியின் இரண்டு கன்னத்திலும் வெளுப்பாக வட்டம் இருந்ததே, அது பூஞ்சை இல்லையம்மா, தனக்கா, நம் பர்மாவில் மரப்பட்டையை உரைத்து முகத்தில் பூசும் பூச்சு. காலையில் கல்லில் உரைத்துப் பூசிக்கொண்டு, கண்டாங்கிச் சேலையும் கட்டிக்கொண்டு படத்துக்கு நின்றிருக்கிறார். அதை நீங்கள் கழுவி விட்டுவிட்டீர்கள். தனக்கா இல்லாத முகத்தை உங்கள் அம்மா பார்த்திருக்கவே மாட்டார், எப்படி அடையாளம் தெரியும்?

இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். படத்தை இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். பூஞ்சைக்கு முகம், சேலை, பின்னால் தொங்கும் திரை என்ற பேதம் கிடையாது. கன்னத்தில் தொடங்கி காதைத் தாண்டித் திரை வரைக்கும் படரும். தனக்கா தோலோடு நின்றுவிடும். உற்றுப் பார்த்தால் விரல் இழுத்த கோடு தெரியும். உங்கள் ஸ்கேனில் இடது கன்னத்தில் மூன்று விரல் தடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

சரி, திருத்துவோம். மூன்று ராத்திரி வேலை வீணாகாது. சுத்தம் செய்த படத்தை கிம்பில் திறங்கள். ஃபைல் மெனுவில் 'ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்' என்று இருக்கும். அதன் வழியாகப் பழைய ஸ்கேனையும் உள்ளே கொண்டுவாருங்கள். லேயர் என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தாள் மாதிரி. பழைய ஸ்கேன் மேல் லேயராக வந்து உட்காரும். பிடித்து இழுத்துக் கீழே தள்ளுங்கள். இப்போது மேல் லேயருக்கு வெள்ளை நிறத்தில் ஒரு லேயர் மாஸ்க் போடுங்கள். அப்புறம் ஓரம் மெத்தென்று இருக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, கறுப்பு நிறத்தில் அந்தக் கன்னத்தின் மேல் தடவுங்கள். மாஸ்க்கில் கறுப்புப் பட்ட இடத்தில் மேல் படம் ஓட்டையாகி, அடியில் இருக்கும் பழைய கன்னம் தெரியும். கொஞ்சம் கூடிப் போனால் வெள்ளையால் தடவினால் மூடிக்கொள்ளும். தனக்காவுக்கு நடுவே நிஜமாகவே பூஞ்சைப் புள்ளி இருந்தால், கீழ் லேயரில் போய் ஹீல் கருவியால் அதை மட்டும் எடுங்கள்: கண்ட்ரோல் விசையை அமுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நல்ல இடத்தைக் கிளிக் செய்து, விசையை விட்டுவிட்டுப் புள்ளி மேல் தடவ வேண்டும். கன்னத்துப் புள்ளிக்கு நெற்றியிலிருந்து எடுக்காதீர்கள், பிசிறு தெரியும். ஸ்கேன் செய்த பிறகு ஓரம் வெட்டியிருந்தால் இரண்டு படமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராது, கீழ் லேயரை நகர்த்திப் பொருத்திக்கொள்ளுங்கள்.

நானும் இதில் அடிபட்டவன்தான். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ் மேல் கூரான பென்சில் வைத்து முகத்துப் பள்ளம் மேடெல்லாம் நிரவுவோம். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு உதட்டுக்கு மேல் இருந்த மச்சத்தையும் சேர்த்து நிரவிவிட்டேன். ஆல்பம் வாங்க வந்த அவள் அம்மா, "அந்த மச்சத்தைப் பார்த்துத்தானேய்யா மாப்பிள்ளை வீட்டார் சரி சொன்னார்கள்!" என்று கடையில் நின்று போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. மறுபடி பிரிண்ட் போட்டேன், என் காசில்.

கேள்வி: தீமிதி நோட்டீஸ் செய்கிறேன். கோயிலில் தட்டித் தந்த தமிழ்ப் பத்தியை கிம்பில் ஒட்டினால் ஏபிசிடியாகச் சிதறுகிறது. கிம்புக்குத் தமிழ் தெரியாதா? (வாசகர், மோல்மேன்)

நன்றாகத் தெரியும் தம்பி. கோயிலில் தட்டியவர் யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துமுறை) வருவதற்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பார். நம்மூரில் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் எழுதிய செய்தி யூனிகோடு போனில் வந்தால் என்ன கோலத்தில் தெரியும்? அதே கதைதான். எழுத்துமாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிக்கொண்டு, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ஏ4 தாள் என்றால் ஆரம்பத்திலேயே 2480க்கு 3508 பிக்சல் வைத்துக்கொள்ளுங்கள், அங்குலத்துக்கு 300 கணக்கு. உபயதாரர் பட்டியல் நீளம் என்றால் கிம்பில் மல்லுக்கட்டாதீர்கள். அம்மன் படத்தை மட்டும் கிம்பில் சரிசெய்து, எழுத்தை இங்க்ஸ்கேப்பில் அடுக்குங்கள். அதுவும் காசில்லாத மென்பொருள்தான்.

கேள்வி: கடையில் ஃபோட்டோஷாப்பே சும்மா போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். கிம்பை எதற்குக் கற்க வேண்டும்? (வாசகர், யாங்கோன்)

கடைக்காரர் சும்மா தருவது திருட்டுச் சரக்கு, சில சமயம் கூடவே வைரஸும் வரும். கிம்ப் இயல்பாகவே இலவசம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கி 1996ல் வெளியில் விட்டது. 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. நண்பருக்கு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாலும் குற்றமில்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம், நம் ஊரில் அது பெரிய விஷயம். கற்க வகுப்பும் வேண்டாம், வீட்டில் கிடக்கும் ஒரு பழைய போட்டோ போதும். கிராப் (ஓரம் வெட்ட), லெவல்ஸ் (வெளிச்சம் சரிசெய்ய), ஹீல், லேயர், மாஸ்க், இந்த ஐந்தோடு ஒரு மாதம் இருங்கள். மற்ற பட்டன்களைத் தொடவே வேண்டாம்.

ஒன்றே ஒன்று. கிம்ப் தானாகச் சேமிக்காது. 'சேவ்' கொடுத்தால் கிம்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பாக, லேயர்களோடு நிற்கும். ஜேபெக் வேண்டுமென்றால் தனியாக 'எக்ஸ்போர்ட்' கொடுக்க வேண்டும், அதில் லேயர் எதுவும் மிஞ்சாது. உங்கள் தெருவுக்குக் கரண்ட் விடும் முறை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே கண்ட்ரோல் எஸ் அமுக்கிவிடுங்கள். இந்தப் பதில்களை நான் இரண்டாம் தடவையாக எழுதுகிறேன்.