தண்ணீர்மேல் புகை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போதுதான் கிடார் பழகுகிறேன். டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' (தண்ணீர்மேல் புகை) போதையைப் பற்றிய சங்கேதப் பாட்டு என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? முதல் கிடாராக எதை வாங்கலாம்?

எம்.

அன்புள்ள எம்,

கிடாரைக் கடைக்காரரிடம் கேளுங்கள். சங்கேதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் மோந்த்ரோ என்றொரு ஊர். 1971 டிசம்பர் 4 அன்று அங்கிருந்த காசினோவில் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃப்ராங்க் ஸப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒரு மடையன் தீப்பொறி கக்கும் துப்பாக்கியால் கூரையைப் பார்த்துச் சுட்டான். கட்டடமே எரிந்துபோயிற்று. கச்சேரி முடிந்ததும் அதே இடத்தில் இசைத்தட்டு பதிவு செய்யக் காத்திருந்தவர்கள்தான் டீப் பர்ப்பிள். ஏரிமேல் புகை படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்து, பாஸ் கிடார் வாசிக்கும் ராஜர் க்ளோவர் தூக்கம் கலைந்து எழுந்தபோது அந்தத் தலைப்பு வாயில் வந்தது. போதைப்பாட்டு என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் அவர்களுக்கே இருந்தது. உங்கள் காணொளிக்காரர் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்.

பாட்டின் வரிகளை ஒருமுறையாவது படித்தீர்களா? படித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. எந்த ஊருக்கு வந்தோம், எதற்கு வந்தோம், யார் கச்சேரி, எப்படித் தீப்பிடித்தது, கடைசியில் எங்கே போய்ப் பதிவு செய்தோம், எல்லாம் வரிசையாக இருக்கிறது. காலியாகக் கிடந்த கிராண்ட் ஓட்டல். வெளியே ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு ராக் குழுவின் ஒலிப்பதிவு லாரி. எரியும் கட்டடத்துக்குள் ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்த, அவ்வூர் இசைவிழாவை நடத்திய க்ளோட் நோப்ஸ்கூட 'க்ளோட்' என்று பெயரோடு வருகிறார். நமக்கு இது உறைப்பதில்லை. எனக்கு வரும் கவிதைகளில் தீ என்றால் அகத்தீ, காமத்தீ, புரட்சித்தீ. வைக்கோல்போர் எரிந்தது, இன்னார் முதல் குடத்தோடு ஓடிவந்தார் என்று எழுத ஒருவருக்கும் கை வருவதில்லை. எழுதினால் கவிதை ஆகாதாம். யாரப்பா சொன்னது? நடந்ததைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள்தான் பிறர் பாட்டில் சங்கேதம் தேடுகிறார்கள். உங்கள்மேல் கோபமில்லை. இருபது வயதில் நானும் தேடியவன்தான்.

எங்கள் விடுதியில் ஒரு கிடார் கிடந்தது. ஆறு கம்பியில் மிச்சம் இரண்டுதான், மூன்றாவதும் நான்காவதும். என் அறைத்தோழன் அவ்விரண்டையும் விரல்களால் சேர்த்துக் கிள்ளி இந்தப் பாட்டின் தொடக்கத்தை வாசிப்பான். பஞ்சத்துக்கு அப்படி வாசிக்கிறான் என்றே நினைத்திருந்தேன். வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது, டீப் பர்ப்பிளின் கிடார்காரர் ரிச்சி ப்ளாக்மோரும் அதே இரண்டு கம்பிகளைக் கிள்ளித்தான் வாசித்திருக்கிறார்.

மோந்த்ரோவில் இதற்கான வாத்தியங்களைப் பதிவு செய்த இரவில் சத்தம் தாங்காமல் ஊரார் புகார் கொடுக்க, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. எங்களுக்கு வார்டன். அவர் தட்டத் தட்ட, இவன் இன்னும் ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறப்பான்.