சீட்டில் இருந்த பி.பி.

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். மருத்துவ ஆய்வகப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். தமிழ் வழியில் படித்து வந்ததால், ஒரே எழுத்தில் தொடங்கும் மருத்துவச் சொற்களும் சுருக்கங்களும் என்னைக் குழப்புகின்றன. ஹைப்பர், ஹைப்போ, சி.ஆர்.பி., சி.பி.ஆர். என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவற்றை மனத்தில் நிறுத்த ஏதேனும் வழி உண்டா? எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் இருக்கிறதா? ரத்தம் என்று எழுதுவதா, இரத்தம் என்று எழுதுவதா? நோயாளிகளுக்கு எதைச் சொன்னாலும் புரிவதில்லை. ஆகவே அவர்களுக்காகக் கேட்கவில்லை, தேர்வுக்காகத்தான் கேட்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

என் அம்மாவின் பழைய மருத்துவச் சீட்டுகள் கிடந்த தகரப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே இந்தப் பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம், இரத்தம் இரண்டும் சரி. ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ஹைப்பர் என்றால் கிரேக்கத்தில் மேல், ஹைப்போ என்றால் கீழ். தமிழில் உயர், தாழ் என்று முதல் எழுத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சி.ஆர்.பி. என்பது நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற பல்சர்க்கரையோடு வினைபுரியும் புரதம். 1930இல் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் கண்டறிந்தது. சி.பி.ஆர்., நின்றுபோன இதயத்தை மார்பில் அழுத்தி மீண்டும் ஓடவைக்கும் முயற்சி. பெயர் வந்த காரணத்தைத் தெரிந்துகொண்டால் சொல் தானாகவே மனத்தில் தங்கும். இதற்கு மேல் இவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. நம் பகுதிக்காரர்களுக்குச் சுருக்கங்கள் புதியவை அல்ல. டி.எச். ரோடு, ஆர்.கே. நகர், எம்.கே.பி. நகர் என்று எழுத்துகளுக்குள்ளேயே குடியிருக்கிறோம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிள்ளை பெற்ற எத்தனையோ பெண்கள், ராஜா சர் ராமசாமி முதலியார் என்ற முழுப்பெயரை ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் யாருக்கும் கேடு வந்ததில்லை. பேருந்தில் தவறான நிறுத்தத்தில் இறங்கியவர் திரும்பி நடந்து வந்துவிடலாம். மருத்துவச் சீட்டில் தவறான நிறுத்தத்தில் இறங்கியவருக்கு அந்த வசதி கிடையாது.

ஆங்கிலம் அறிந்தவர்களுக்கே இது ஆபத்தானது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணையம், பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள் என்று 2004இல் ஒரு பட்டியலையே வெளியிட்டது. எம்.எஸ். அதில் ஒன்று. வலியை அடக்கும் மார்ஃபின் சல்ஃபேட்டுக்கும், கர்ப்பிணிக்கு வரும் வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட்டுக்கும் அந்த இரண்டு எழுத்துகளே நின்றன. அலகைக் குறிக்கும் 'யூ' என்ற எழுத்தைக் கையால் எழுதும்போது சுழியம்போலத் தெரிந்து, 4 அலகு இன்சுலின் 40 ஆகிவிடும் என்பதால் அதையும் விலக்கினார்கள். அது அவர்களுடைய கண்ணுக்கு நேரும் பிழை. நமக்கு நேர்வது காதின் பிழை. அதற்கு இதுவரை யாரும் பட்டியல் போட்டதாகத் தெரியவில்லை.

பம்பரம் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதல் ப-வின் ஒலி வேறு, ம்-முக்குப் பின்னால் வரும் ப-வின் ஒலி வேறு, எழுத்து ஒன்றே. தமிழுக்குள் இருக்கும்வரை இது குறையே அல்ல, இடத்தைப் பார்த்து வாய் தானாக ஒலியை மாற்றிக்கொள்கிறது. ஆனால் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் (B) பதினாறாம் எழுத்தும் (P) நம்மிடம் வந்தால் இரண்டும் 'பி'. நான்காம் எழுத்தும் (D) இருபதாம் எழுத்தும் (T) 'டி'. கர்ப்பிணிகளுக்கு முன்பு போட்ட தடுப்பூசி, வில்வாத நோய்க்கு மட்டுமானது. அதன் இடத்தில் தொண்டை அடைப்பான் நோயையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி வந்தது. ஆங்கிலத்தில் TT என்ற பெயர் Td என்று மாறியது. தமிழில் அன்றும் டி.டி., இன்றும் டி.டி.

என் அம்மா காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஆப்பக் கடை வைத்திருந்தார். 1994இல் ஓயாத சோர்வு என்று ஒரு மருத்துவரிடம் போனார். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் நின்றதால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுக்கும்படி மருத்துவர் சீட்டில் எழுதினார். பலருக்கு உணவுக்குப் பின் எடுக்கும் அளவுதான் முதலில் ஏறுகிறது, வெறும் வயிற்று அளவு பிறகுதான் ஏறுகிறது. ஆகவே அவர் எழுதியது சரியான பரிசோதனை. எழுதிய விதம், பதினாறாம் எழுத்து இரண்டு முறை: PP, உணவுக்குப் பின் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நீல மையில் எழுதிய அந்தச் சீட்டு, சுருக்குப்பையில் வெற்றிலைச் சுண்ணாம்போடு மடங்கிக் கிடந்ததன் வெள்ளைத் தழும்போடு இப்போது என் மேசையில் இருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வரிசையில் நின்ற ஒருவர் வாங்கிப் பார்த்து, "பி.பி.னு போட்டிருக்குது பாட்டிம்மா" என்றார். அவர் வாசித்ததில் பிழையில்லை, அம்மா கேட்டதிலும் பிழையில்லை. அம்மா நேரே போய்க் கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்த்துக்கொண்டார். சரியாக இருக்கிறது என்றார்கள். நிம்மதியோடு கடைக்குத் திரும்பினார். அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் யாரும் அவருக்குச் சர்க்கரை பார்க்கவில்லை. ஆப்பச் சட்டி பட்டுக் கால்விரலில் வந்த கொப்புளம் ஆறாமல் கறுத்து, விரலை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். நோயாளிகளுக்கு எதைச் சொன்னாலும் புரிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு உங்களுக்கு இந்த வாக்கியத்தைக் கொடுத்திருக்கிறது என்றால் அதைக் கல்லூரியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். என் அம்மா முந்நூறு ஆப்பத்துக்கு மாவுக் கணக்கும், யார் யார் எத்தனை நாள் கடன் என்பதும் தாளில்லாமல் வைத்திருந்தவர். "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்கம்மா, மறுபடி ரத்தம் எடுக்கணும்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் வந்திருப்பார். நீங்கள் அவரைப் போன்ற ஒருவருடைய பேத்தியாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

உங்கள் மேசைக்கு நாளை வரப்போகும் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: பி.டி. விரல் நுனியிலோ காது மடலிலோ சிறிதாகக் குத்தி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வடிதாளால் ஒற்றி, கசிவு நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது ஒரு பி.டி. (BT); அது தட்டணுக்களின் நிலையைச் சொல்கிறது. சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, அது உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது மற்றொரு பி.டி. (PT); அது கல்லீரல் உண்டாக்கும் உறைகாரணிகளைப் பற்றியது. இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் "பி.டி. பார்க்கச் சொன்னாங்க" என்று வந்து நிற்கிறார். அவருக்கு வேண்டியது இரண்டாவது. நீங்கள் காதில் விழுந்ததை வைத்து முதலாவதைச் செய்தால், முடிவு பெரும்பாலும் சரியாகவே வரும். மாத்திரை அளவு மிஞ்சி உள்ளுக்குள் ரத்தம் கசியும் நிலையில் இருக்கும் மனிதர் நிம்மதியோடு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தப் பொய்யான நிம்மதியை அம்மாவின் முகத்தில் நான் பார்த்திருக்கிறேன். சி.டி.யும் அப்படித்தான், ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க வந்தவர், ஸ்கேனுக்குப் பணம் புரட்ட வேண்டுமோ என்று பதறுவார்.

எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். ஆகவே சொல் இல்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மூன்று நோய்களுக்கான குழந்தைத் தடுப்பூசிக்கு முத்தடுப்பூசி என்று யாரோ பெயர் வைத்தார்கள். அதை வேறு எந்த ஊசியோடும் எந்தத் தாயும் குழப்பிக்கொள்ள வழியில்லை. ரத்தம் வடியும் நேரம், ரத்தம் உறையும் நேரம், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை என்று சொல்லுங்கள். தேர்வுத்தாளில் ஆங்கிலச் சுருக்கத்தை எழுதுங்கள், நோயாளி கையில் கொடுக்கும் சீட்டில் இதை எழுதுங்கள்.

பட்டியல் வேண்டும் என்றால் நீங்களே போடுங்கள். அகர வரிசை வேண்டாம். தமிழ்க் காதில் ஒன்றாக விழுகிறவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே நோயாளியிடம் சொல்ல வேண்டிய ஒரு முழு வாக்கியத்தை எழுதுங்கள். பி.பி.யில் தொடங்குங்கள். பத்துப் பக்கம் ஆனதும் எனக்கு அனுப்புங்கள், நான் படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.