கலிபோர்னியாவில் பள்ளிக்கூட பாண்டுக்கு ஆதரவாக ஓட்டுப் போடலாமா? சொத்து வரி எவ்வளவு ஏறும்?

நீங்கள் வீடு வாங்கி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். பழைய ஆட்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். காரணம் வரிக் கணக்கிலேயே இருக்கிறது.

பாண்டு என்பது பள்ளி மாவட்டம் கட்டடங்களுக்காக வாங்கும் கடன்; சொத்து வரியோடு சேர்த்து நாம்தான் அதை அடைக்கிறோம். 55 சதவீத ஓட்டில் ஜெயிக்கிற வகை பாண்டு என்றால், யூனிஃபைட் மாவட்டத்தில் (தொடக்கப் பள்ளி முதல் ஹைஸ்கூல் வரை எல்லாம் ஒரே பள்ளி மாவட்டம்) லட்சம் டாலர் மதிப்புக்கு வருடம் 60 டாலர்தான் உச்சவரம்பு. தொடக்கப் பள்ளிக்கும் ஹைஸ்கூலுக்கும் தனித்தனி மாவட்டம் உள்ள ஊரில் ஒவ்வொன்றுக்கும் 30. இது ஒரு பாண்டுக்கு மட்டும். பழைய பாண்டுகள் உங்கள் பில்லில் ஏற்கெனவே வரிசையாக உட்கார்ந்திருக்கும், எடுத்துப் பாருங்கள். மதிப்பு என்றால் சந்தை விலை இல்லை, கவுண்டி பதிந்து வைத்திருக்கும் மதிப்பு. 1978-இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ப்ராப் 13 என்ற சொத்து வரிச் சட்டத்தின் புண்ணியத்தில் அது வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் ஒரேயடியாக எகிறும்.

எனக்கு வயிறு எரிந்தது இங்கேதான். என் வீடு பதிமூன்று லட்சம் டாலருக்குப் பதிவானது. உச்சவரம்பில் கணக்குப் போட்டால் வருடம் 780. பக்கத்து வீட்டுப் பாட்டியின் வீடு என் வீட்டைவிட ஒரு அறை பெரியது, ஆனால் பதிவு மதிப்பு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அவருக்கு 84. அவர்தான் வாசலில் "ஆம்" பலகை நட்டிருந்தார்! 84 டாலர் என்றால் நானும் நடுவேன். தங்கமான மனுஷி, அதையும் சொல்லிவிடுகிறேன்; கோபம் அவர்மேல் இல்லை. கிரீன் கார்டில் இருந்த வருடங்களில் இந்த வரியெல்லாம் கட்டினேன், ஓட்டுதான் கிடையாது.

குடியுரிமை வாங்கிப் போட்ட முதல் ஓட்டிலேயே ஒரு பாண்டு வந்தது. "ஆம்" என்றுதான் போட்டேன். என் பையனின் வகுப்பு நடந்தது ஒரு போர்ட்டபிளில், அதாவது தூக்கிவந்து வைக்கும் தற்காலிக வகுப்பறையில். மழை பெய்தால் ஜன்னலோரம் வாளி வைப்பார்கள். "இன்னைக்கு ரெண்டு வாளிப்பா" என்று வந்து சொல்வான். இந்த மாநிலத்துக்குப் பள்ளிக் கட்டடம் விளையாட்டு விஷயம் இல்லை. 1933 மார்ச்சில் லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடங்கள் சரிந்தன. மாலை ஆறு மணியை நெருங்கிய நேரம், பிள்ளைகள் வகுப்பில் இல்லை. பள்ளிக் கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டும் என்ற ஃபீல்ட் சட்டம் ஒரே மாதத்தில் வந்தது. "படிப்புக்குக் கொடுக்க மனசில்லையா" என்று கமெண்டில் கேட்கத் துடிப்பவர்களே, கொடுத்தவன்தான் பேசுகிறேன்.

பாண்டு ஜெயித்த பிறகு, அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் மேற்பார்வைக் குழுவில் சேர்ந்தேன். இந்த வகை பாண்டுக்கு அந்தக் குழு சட்டப்படி கட்டாயம், குறைந்தது ஏழு பேர். இரண்டு வருடம் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தது: முதலில் வந்தது பள்ளியைச் சுற்றி வேலி, எலெக்ட்ரானிக் கேட், கேமரா. போர்ட்டபிள் கூரை அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டேன். இரண்டுமே திட்டப் பட்டியலில் இருக்கிறது, எது முதலில் என்பதைப் பள்ளி மாவட்ட நிர்வாகக் குழு முடிவு செய்யும் என்றார்கள். ஆடிட்டும் சுத்தமாக வந்தது. பட்டியலுக்கு வெளியே, சம்பளத்துக்கோ வேறெதற்கோ செலவழித்தால்தான் அது குறை சொல்லும். பட்டியலே ஒரு ஆசைப் பட்டியல். அதில் இருப்பதெல்லாம் நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை என அடியில் அவர்களே எழுதியிருப்பார்கள். வேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டில் வேலி எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. வாக்காளர் கையேட்டில் வரி விகித அறிக்கை இருக்கும். அதில் அசலும் வட்டியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதைப் படியுங்கள். சான் டியாகோ பக்கம் போவே பள்ளி மாவட்டம் 2011-இல் 10.5 கோடி டாலர் கடன் வாங்கி, திருப்பிக் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 100 கோடி என்று ஆகி நாறியது. 2013-இல் சட்டம் போட்டு, அந்த மாதிரிக் கடனில் திருப்பிக் கட்டும் மொத்தம் அசலைப் போல நாலு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள். நாலு மடங்கே எனக்கு மீட்டர் வட்டியாகத்தான் தெரிகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடப்பது இதே பாண்டில் புதுப்பித்த கட்டடத்தில். புதுப்பித்ததும் வாடகையை ஏற்றினார்கள். இன்ஷூரன்ஸ் பேப்பர், துப்புரவாளருக்கு மணிக்கூலி தனி. வகுப்பறையின் புது எழுதுபலகையைத் தொடக் கூடாது. அதனால் சார்ட் பேப்பரை டேப் போட்டு ஒட்டி "அ, ஆ" எழுதுகிறோம். வரி கட்டியதும் நாங்கள்தானே ஐயா?

இந்த நவம்பருக்கும் ஒரு பாண்டு பேச்சு அடிபடுகிறது. பையன் ஹைஸ்கூலுக்குப் போய்விட்டான். போர்ட்டபிள் அங்கேயேதான் நிற்கிறது, இப்போது அதில் வேறு பிள்ளைகள். நான் "ஆம்" போடுவேன். நீங்கள் எது போட்டாலும் அந்தக் குழுவுக்கு விண்ணப்பம் போடுங்கள். வரி செலுத்துவோர் சங்கத்தைச் சேர்ந்தவருக்கு என்று ஒரு நாற்காலி உண்டு. நான் இருந்தவரை அது காலியாகவே கிடந்தது.