சின்னப் பண்ணைக்கு முட்டை கழுவும் மெஷின்: கேள்வி பதில்

கேள்வி: நாட்டுக்கோழி 200 இருக்கு அண்ணா. கடையில் மெஷின் விலை கேட்டால் மலைப்பாக இருக்கிறது. நாமே செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக, தம்பி. முட்டை உருள வேண்டும், மேலே பிரஷ் தேய்க்க வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். பழைய சாமான் கடையில் கார் வைப்பர் மோட்டார் வாங்குங்கள். 12 வோல்ட்டில் ஓடும், உள்ளேயே கியர் இருப்பதால் நிதானமாகச் சுற்றும். அதில் இரண்டு பிவிசி குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் உருள விட்டு, வழுக்காமலிருக்க ரப்பர் ட்யூப் மாட்டுங்கள். நைலான் பிரஷ் மென்மையாக இருக்கட்டும். அதை ஸ்பிரிங்கில் தொங்கவிடுங்கள். இறுக்கிப் பொருத்தினால் பெரிய முட்டை உடையும், சின்ன முட்டையில் பிரஷ்ஷே படாது.

கேள்வி: பச்சைத் தண்ணீரே போதாதா?

பதில்: கூடவே கூடாது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருப்பது சுருங்கி, வெளியே இருக்கும் எச்சத் தண்ணீரை சால்மோனெல்லா கிருமியோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். முட்டையின் சூட்டைவிடத் தண்ணீர் 11 டிகிரி செல்சியஸாவது கூட இருக்க வேண்டும். முட்டை 30 டிகிரி என்றால் தண்ணீர் 41. அதற்காகக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஓடு விரிசல் விடும். மோட்டாரில் மிச்சம் பிடியுங்கள், ஹீட்டர் சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டில் பிடிக்காதீர்கள். ஈரக் கையோடு நிற்கும் இடம் என்பதால் ஹீட்டர் லைனுக்கு எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஸ்விட்சும் கட்டாயம்.

கேள்வி: கழுவின தண்ணீரைப் பிடித்துத் திரும்ப விடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு முட்டையின் அழுக்கு மற்ற எல்லா முட்டைக்கும் போய்விடும். வாழைக்குத் திருப்பிவிடுங்கள். முட்டையைத் தொட்டியில் ஊறப்போடுவதும் இதே காரணத்தால் தப்பு.

கேள்வி: கழுவினால் சீக்கிரம் கெடுமாமே?

பதில்: உண்மைதான். ஓட்டின் மேலிருக்கும் இயற்கைப் பூச்சு போய்விடும். அமெரிக்காவில் கழுவி, குளிர்பெட்டியிலேயே வைத்து விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் தர முட்டையைப் பொதுவாகக் கழுவவே விடுவதில்லை. கழுவினால் ஃபேனில் உலர்த்தி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் கழுவாதீர்கள், காய்ந்த எச்சத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். என்னைக் கேட்டால், முட்டையிடும் பெட்டியில் தினமும் உமியோ வைக்கோலோ மாற்றுங்கள். மெஷினுக்குப் பாதி வேலை குறையும்.

கேள்வி: அடைக்கு வைக்கும் முட்டையையும் இதில் போடலாமா, அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. சுத்தமான முட்டையாகப் பொறுக்கி, அப்படியே வையுங்கள்.